உறைக்கு மேல் உறை

போன ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு காரின் முன் சீட் கவரைக் கழற்ற உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று கணக்குப் போட்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் கிடைத்தது. நடுவில் தங்கமணி இரண்டு தடவை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தா அப்பவே முடிச்சிட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாங்க. கல்கத்தா வெயிலைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது.

விஷயம் இதுதான். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வாங்கிய வாரமே எல்லாரையும் போல நானும் ஒரு கடையில் போய் (கடை பேர் வேண்டாம்) தடிமனான கவர் ஒன்றை இறுக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது அங்கிருந்த பையன் டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தைத் தடவிப் பார்த்தான். இந்த சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது, அது வெளியே வரும் வழியை இப்படித் தைத்து மூடி வைத்திருக்கிறீர்களே என்று கேட்டான். எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆறு ஏர்பேக் என்று விளம்பரத்தில் பார்த்து, அதற்காகவே மேல் மாடலுக்கு நாற்பத்து சொச்சம் ஆயிரம் அதிகம் கொடுத்து, அதற்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவன் நான். அந்த ஆறில் இரண்டை நானே மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மகளுக்கு லைசென்ஸ் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இனிமேல் அந்த சீட்டில் அதிகம் உட்காரப் போவது அவள்தான்.

கவரின் அடியில் கைவிட்டுக் கொக்கி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த யோசனை ஓடியது. கம்பெனிக்காரன் சீட்டுக்கு ஏற்கெனவே ஒரு துணி போட்டுத்தான் கொடுக்கிறான். அதற்கு மேல் நாம் ஒரு உறை, சில பேர் அதற்கும் மேல் ஒரு துண்டு. இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது? அப்புறம் ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்ததும், வங்கி வேலையில் கண்ணால் பார்த்ததும் சேர்ந்துதான் இது.

ஆரம்பம் காரில் இல்லை, நாற்காலியில். பட்டும் வெல்வெட்டும் போர்த்திய நாற்காலிகள் 17, 18ம் நூற்றாண்டு ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் வந்தபோதே, அவற்றுக்குக் கழற்றி மாட்டுகிற உறைகளும் வந்துவிட்டன. விருந்தாளி வந்தால் உறையைக் கழற்றுவார்கள், போனதும் மாட்டுவார்கள். இந்த உறைக்கும் திரைக்கும் மேலே விரிக்கிறதற்கும் அவர்கள் ஆசைப்பட்ட துணிகளில் ஒன்று நம்ம சோழமண்டலக் கரையின் அச்சுப் பருத்தி. சாயம் போகாது, துவைக்கலாம். மோகம் அதிகமாகி உள்ளூர் நெசவுக்காரர்கள் கொதித்துப்போய், 1721ல் இங்கிலாந்து பார்லிமென்ட் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டுச் சாமான்களில் பயன்படுத்தவும் தடை போட்டது. அந்தச் சட்டம் 1774 வரை இருந்தது. லண்டன் நாடக நடிகர் டேவிட் காரிக்குக்கு, கல்கத்தாவில் நாடக அரங்கு அமைக்க உதவியதற்கு நன்றியாக, இங்கிருந்த வியாபாரிகள் கட்டில் திரைத் துணி அனுப்பினார்கள். 1775ல் லண்டன் சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்துவிட்டது. துணி சோழமண்டலக் கரையில் செய்தது, அனுப்பியது கல்கத்தா. இரண்டு ஊரும் நம்ம கணக்கில் வருகிறதால் இங்கே சொல்லி வைக்கிறேன், மற்றபடி கார் சீட்டுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

நேரடி சம்பந்தம் உள்ளது தலைக்கு வைக்கிற எண்ணெய். 19ம் நூற்றாண்டில் இங்கிலாந்து கனவான்கள் மக்காசர் எண்ணெய் என்று ஒன்றைத் தலையில் வழிய வழிய தேய்த்துக்கொள்வார்கள். ரௌலண்ட் என்கிற முடிதிருத்துபவர் பிரபலப்படுத்தியது. பெயர் இந்தோனேசியாவில் இருக்கிற மக்காசர் துறைமுகத்தின் பெயர், உள்ளே இருந்ததில் தேங்காய் எண்ணெய் மாதிரி சமாசாரங்களும் உண்டு. அந்தத் தலையோடு நாற்காலியில் சாய்ந்தால் என்ன ஆகும்? வீட்டுக்கார அம்மாக்கள் நாற்காலியின் முதுகில் தலை படுகிற இடத்தில் ஒரு சின்னத் துணியைப் போட ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயரே 'ஆன்ட்டி மக்காசர்', மக்காசர் தடுப்பான். பிறகு ரயில் பெட்டிக்கும் வந்தது. இன்றைக்கும் விமானத்தில் தலை சாய்க்கிற இடத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணி அதன் பேரன்தான். என் அம்மா ஊரிலிருந்து வந்தால் கார் ஹெட்ரெஸ்ட்டில் ஒரு கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் சாய்வாங்க. "எண்ணெய்த் தலைப்பா, உன் வண்டி வீணாயிடும்" என்பாங்க. விக்டோரியா காலத்து வழக்கம் என்று அவங்களுக்குச் சொன்னால் சிரிப்பாங்க.

இதற்குள் ஹெட்ரெஸ்ட் கழன்றது. ஒரு பக்கம் மட்டும் அமுக்கு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் பொத்தான் என்று நினைத்து கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வந்தபோது நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரம்ப காலத்துப் பெரிய கார்களில் முன்னால் டிரைவர் உட்காரும் இடம் திறந்தவெளி. மழையிலும் வெயிலிலும் நனைந்து காய்கிற சீட் அது, அதனால் அதற்குத் தோல். பின்னால் மூடிய அறையில் முதலாளி உட்காரும் சீட்டுக்கு மெத்தென்று கம்பளித் துணி. தோல் வேலைக்காரனுக்கு, துணி எஜமானுக்கு! இன்றைக்கு 'லெதர் சீட்' என்று சொல்லி ஒரு லட்சம் கூட வாங்குகிறார்கள். நாம் பெருமைக்காகக் கேட்பது அன்றைய டிரைவர் சீட்டை.

தோல் விலை அதிகம். அதனால் போலித் தோல் வந்தது. பருத்தித் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, தோல் மாதிரி வரி அச்சடிப்பார்கள். நைட்ரோசெல்லுலோஸ் என்பது வெடிபஞ்சின் உறவு. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி வெடிமருந்துக்காக அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆலைக்கு வேறு வேலை தேடியபோது, 1910ல் ஃபேப்ரிகாய்டு என்ற செயற்கைத் தோல் கம்பெனியை விலைக்கு வாங்கியது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்கிற ஊரில் இதே மாதிரி சரக்கு செய்த கம்பெனியின் பெயர் ரெக்ஸின். ஆமாம், நம்ம ரெக்ஸின்தான். ஸ்கூல் பை, கல்யாண மண்டபத்து நாற்காலி, தையல் மெஷின் மூடி என்று எதைப் பார்த்தாலும் நாம் சொல்கிற ரெக்ஸின் ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். அந்தச் சரக்கு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 1926ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்பவர் பிவிசியை வளைகிற பொருளாக ஆக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு பூச்சு பிவிசி ஆனது. பெயர் மட்டும் நம்ம வாயில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே நிரப்புகிறதும் மாறிக்கொண்டே வந்தது. குதிரை மயிர், பஞ்சு, சுருள் கம்பி. 1929ல் டன்லப் கம்பெனி ஆய்வகத்தில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து ஃபோம் செய்தார்கள். 1950களில் பாலியூரிதேன் ஃபோம் வந்து எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. நம்ம நாட்டில் நடுவில் தேங்காய் நார் நல்ல வேலை பார்த்தது. நாரை முறுக்கிச் சுருட்டி, பிரித்து, ரப்பர் பால் தெளித்து அழுத்திச் சூடாக்கினால் 'ரப்பரைஸ்டு காயர்'. மெத்தைக்கும் போகும், வண்டி சீட்டுக்கும் போகும். பொள்ளாச்சி, சிங்கம்புணரி பக்கத்து ஆட்களுக்கு நார் வாசனையே போதும், ஊர் ஞாபகம் வந்துவிடும்.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மண்டல மேலாளருக்கு ஒரு வெள்ளை அம்பாசிடர். பின் சீட்டில் வெள்ளை டர்க்கி டவல் முழுசாக விரித்திருக்கும். நாங்கள் நாலு பேர் அதில் ஏறினால் டிரைவர் அண்ணன் முதலில் டவலைப் பத்திரமாக மடித்து டிக்கியில் வைப்பார். எங்களுக்கு வெறும் ரெக்ஸின்தான். மே மாதத்து வெயிலில் நின்ற வண்டியின் ரெக்ஸினில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த டவல் எதற்கு என்று விளக்க வேண்டாம். சூடு தாங்கும், வேர்வையை உறிஞ்சும், துவைத்துப் போடலாம். உபயோகமான துண்டு எப்படியோ பதவியின் அடையாளம் ஆகிவிட்டது. 2017 மே 1ம் தேதியிலிருந்து காரின் தலையில் இருந்த சிவப்பு விளக்கை எடுத்துவிட்டார்கள். துண்டை யாரும் தொடவில்லை. அலுவலக நாற்காலியிலும் அது தொங்குகிறது, எங்கள் கிளையிலும்தான். (என் நாற்காலியில் இல்லை. இன்னும் அந்த அளவுக்குப் பதவி வரவில்லை.)

அம்பாசிடர் பிறந்தது இங்கே ஹூக்ளி ஓரம் உத்தர்பாராவில். 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948ல் இங்கே வந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் சாயலில் 1950களின் கடைசியிலிருந்து அம்பாசிடர் ஓட ஆரம்பித்தது. பழைய மாடல்களில் முன்னாலும் ஒரே நீள பெஞ்சு சீட், கியர் ஸ்டியரிங் தண்டில். முன்னால் மூன்று, பின்னால் நாலு, மடியில் இரண்டு என்று குடும்பமே போகும். ஹவுரா லைனில் லோக்கல் ரயிலில் போனால் 'ஹிந்த் மோட்டார்' என்று ஒரு ஸ்டேஷனே வரும். 2014 மே மாதம் ஆலையில் வேலையை நிறுத்தினார்கள். 2017ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சு பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

கணக்குப் படித்தவனாக இங்கேதான் எனக்கு விடை கிடைத்த மாதிரி இருக்கிறது. லைசென்ஸ் ராஜ்ஜிய காலத்தில் கார் வேண்டும் என்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசிடர், பம்பாயில் பிரிமியர் கம்பெனியின் ஃபியட் (பின்னாளில் பத்மினி), நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட், அவ்வளவுதான். சரக்குக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அதனால் ஓட்டின வண்டியைப் புது வண்டியின் அதிகாரபூர்வ விலையைவிட அதிகத்துக்கு விற்க முடிந்த காலமும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வாகனம் என்றால் தேய்மானம் கழிக்கச் சொல்வார்கள். இங்கே வாகனம் நிலம் மாதிரி ஏறுகிறது! அப்படிப்பட்ட சொத்துக்கு உறை போட்டது முட்டாள்தனம் இல்லை, சரியான முதலீடு. சீட் கிழிந்தால் உதிரிச் சரக்கும் லேசில் கிடைக்காது. அந்தத் தலைமுறை கவர் போட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். அதற்குப் பிறகு கார் மற்ற நாடுகளில் போல ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்குகிற சாமான் ஆகிவிட்டது. பழக்கம் மட்டும் இறங்கவில்லை. மூன்று வருஷம் கடன் வசூல் பிரிவில் ஆணி பிடுங்கியிருக்கிறேன். தவணை கட்டாத வண்டிகளை எடுத்து ஏலத்துக்கு விடும் வேலை. மதிப்பீட்டாளர் அறிக்கையில் இன்ஜின், டயர், அடிபட்ட தடம், ஓடிய கிலோமீட்டர் இவற்றுக்குத்தான் இடம். உள் அலங்காரம் என்று கடைசியில் ஒரு வரி. ஷோரூம் பாலிதீன்கூடப் பிரிக்காத சீட்டோடு ஒரு வண்டி வந்தது. பாலிதீனுக்கு அடியில் ஈரம் தேங்கி சீட் முழுக்க பூஞ்சை. ஐந்து வருஷம் பாதுகாத்திருக்கிறார் அந்த மனுஷர்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு கூடுதல் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். எல்லாச் சாமானும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அல்லது விற்றுவிட்டுப் போக வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு உறை, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குப் பாலிதீன். எதையும் நம்முடையதாக முழுசாக உபயோகிக்காமல், அடுத்தவன் கையில் கொடுக்கும் நாளுக்காகப் பத்திரப்படுத்தியே வாழ்ந்திருக்கிறோமோ?

டாக்ஸிக்காரர்கள் இதில் நேர் எதிர். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினிகளில் சீட்டிலும் கூரையிலும் பூப்போட்ட பிளாஸ்டிக், ஜிகினா என்று அமர்க்களமாக இருக்கும். 2015 வாக்கில் 'டாக்ஸி ஃபேப்ரிக்' என்ற பெயரில் இளம் ஓவியர்கள் அந்த சீட் துணிகளையே வரைந்து கொடுத்தார்கள். கடைசி பத்மினி டாக்ஸி 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போனது. இங்கே எங்கள் மஞ்சள் அம்பாசிடர்களும் 15 வருஷ வரம்பில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.

வேலைக்கு வருகிறேன். இந்த சீட்டுக்குள் ஏர்பேக் வைக்கும் யோசனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது வோல்வோ, 1994ல், 850 மாடலில். முன்னாலிருந்து மோதினால் இன்ஜின் பக்கம் நசுங்க நாலு அடி இடம் இருக்கிறது. பக்கவாட்டில் கதவுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண். அதனால் பை உடம்பை ஒட்டியே இருந்தாக வேண்டும், சீட் முதுகின் கதவுப் பக்க ஓரத்தில். அங்கே கம்பெனி போட்டிருக்கும் தையலை வேண்டுமென்றே பலவீனமான நூலில் போட்டிருப்பார்கள். மோதிய சில மில்லி செகண்டில் பை அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நிரம்பும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. அதற்கு மேல் நான் போட்டிருந்தது தடித்த நைலான் நூலில் இரட்டைத் தையல் அடித்த கவர். பை தாமதமாக வரலாம், கோணலாக வேறு பக்கம் பிதுங்கலாம். முந்நூறு வருஷமாக உறையின் வேலை நம்மிடமிருந்து சீட்டைக் காப்பாற்றுவது. இப்போது சீட் நம்மைக் காப்பாற்ற ஆரம்பித்திருக்கிறது, உறை குறுக்கே நிற்கிறது.

கழற்றப் போகிறவர்கள் முதலில் டிரைவர் சீட் ஓரத்தைப் பாருங்கள், ஏர்பேக் என்று சின்னச் சீட்டு தைத்திருப்பார்கள். இருந்தால் நிதானமாகச் செய்யுங்கள். சாவி அணைத்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் காத்திருப்பது நல்லது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர், அதை இழுக்கவே கூடாது. கவரின் கொக்கிகளும் எலாஸ்டிக்கும் சீட்டின் அடிக்கம்பியில் மாட்டியிருக்கும். கடைக்காரப் பையன் எனக்கு ஒரு கொக்கியை அந்த ஒயர்க் கட்டிலேயே மாட்டியிருந்தான்! அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் கதை கந்தல். முதுகும் அடியும் சேருகிற இடுக்கில் செருகியிருக்கும் மடிப்பைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்தால், மேல்பாகம் சட்டை மாதிரி உருவிக்கொண்டு வரும். கம்பெனி போட்ட துணியைத் தொட வேண்டாம். அதை ஃபோமின் பள்ளத்தில் கம்பியோடு சேர்த்துக் குட்டி உலோக வளையங்களால் பிடித்திருப்பார்கள். பன்றி மூக்கில் மாட்டுகிற வளையத்தின் வம்சம் அது, ஆங்கிலத்தில் பெயரும் அதேதான். அதைக் கழற்றுவது குஷன் கடைக்காரர் வேலை.

கவர் கழன்றதும் உள்ளே பார்த்தால் மாரி பிஸ்கட் தூள், ஒரு இரண்டு ரூபாய் நாணயம், மகளின் ஹேர் கிளிப், 2022ல் திகா போய் வந்த டோல் ரசீது. அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நீலக் கோடு போட்ட துணி. நாலு வருஷமாக நான் தவணை கட்டிய துணி. அதன் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவை உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. வேர்க்கவில்லை.

மாலையில் மல்லிக் பஜாரில் தெரிந்த ஒரு குஷன் தாதாவிடம் போய், ஓரம் திறந்த கவர் தைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் தாதா, ஆனால் தையலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். நேர்மையான பதில். பின் சீட்டில் எங்கள் வண்டிக்குப் பை கிடையாது, சாம்பார் கொட்டுகிறதும் அங்கேதான். அதனால் பின் கவரைத் துவைத்துக் காயவைத்து, பெல்ட் பூட்டுகள் மேலே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டு, திரும்ப மாட்டினேன். மாட்டுவதற்கு முன்னால் அரை மணி வெயிலில் போட்டால் ரெக்ஸின் இளகி இழுக்க வரும், இல்லையென்றால் கடைசி மூலை வரவே வராது. முன் சீட் இரண்டும் வெறுமையாகவே இருக்கட்டும் என்று தீர்மானம்.

தங்கமணி கீழே இறங்கி வந்து சுற்றிப் பார்த்தாங்க. முதல் கேள்வி, "இதுல அழுக்கு படாதா?" படும் என்றேன். ஏர்பேக் இருக்கும் இடத்தைக் காட்டினேன், தொட்டுப் பார்த்தாங்க. மகள் அதற்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். தங்கமணி ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய் ஒரு ஈரிழைத் துண்டோடு திரும்பி வந்தாங்க. முதுகு படுகிற இடத்தில் மட்டும் அதைத் தொங்கவிட்டு, கதவுப் பக்க ஓரத்தை விட்டுவிட்டு, ஹெட்ரெஸ்ட்டில் ஒரு முடிச்சுப் போட்டாங்க.